திருப்பிக் கொடுத்த சம்பல்

இந்தக் காலத்துச் சனத்துக்குக் கண்ணால் எதையும் பார்க்கத் தெரியாது. முன்பெல்லாம் தெருவில் இரத்தத்தைக் கண்டால் ஒருவன் தண்ணீர் எடுக்க ஓடுவான், இன்னொருவன் பயத்தில் ஓடியே போய்விடுவான். இரண்டிலும் ஏதோ ஒரு மனிதத்தன்மை இருந்தது. இப்போது எல்லோரும் போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஸ்காபரோவில் அந்தப் பிளாசாக் கடைத்தொகுதியின் பின்புறம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் அப்படி நின்றதைக் கண்டதும் நீக்கிலாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தள்ளுங்கோ! கலியாண வீடே இது, படம் எடுக்கிறதுக்கு?"

கூட்டம் விலகியது. வெள்ளைப் பனியில் சிவப்பு, சுவரோரமாகத் தெறித்துக் கிடந்தது. பக்கத்தில்தான் காலையில் றொபேட்டின் கழுத்துத் துண்டைக் கண்டெடுத்தார்கள். பொலிஸ்காரர் துண்டையும் கொஞ்சம் சிவப்பையும் பையில் போட்டுக்கொண்டு, மஞ்சள் நாடாவைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். றொபேட் முந்தாநாள் பின்னேரம் வீட்டைவிட்டுப் போனவர். திரும்பி வரவில்லை.

றொபேட்டின் மனைவி மரியம்மா சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். அவளுக்குத் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு லெஸ்லி நின்றான். அவனும் அழுதான். கண்ணாடிக்குக் கீழே தாரையாய் வடிந்தது.

லெஸ்லியைத் தெரியாத தமிழர் அந்தப் பக்கத்தில் இல்லை. பிளாசாவில் 'மூச்சகம்' என்று பெயர் போட்டிருந்த இடத்தை நடத்துகிறவன் அவன்தான். சிகரெட் கொம்பனிகள் வழக்கில் தோற்று, அரசாங்கத்துக்குக் கட்ட ஒத்துக்கொண்ட பெருங்காசில் ஒரு துளி அங்கேயும் வந்து சொட்டியது. அந்தக் காசில் சனத்துக்குச் சிகரெட்டைக் கைவிடப் பழக்கினான் லெஸ்லி. நுரையீரலைப் படம் பிடிக்கும் பஸ் ஒன்றும் மாதாமாதம் வந்து நின்றது. சிகரெட்டைக் கைவிட்டவர்களில் றொபேட்தான் முதல் ஆள். கண்ணாடிக் கதவில் ஒட்டிய பெரிய படத்தில் உதட்டை இறுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

நீக்கிலாப்பிள்ளைக்கு இந்த ஏற்பாடு முதல்நாளே பிடிக்கவில்லை. நெருப்பு வைத்தவனிடமே காசு வாங்கித் தண்ணீர் வாளி வாங்குகிற கதை என்று நினைத்தார். ஆனால் அவரை யார் கேட்டார்கள்? மன்னாரில் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து தமிழ்ப் பலசரக்குக் கடைகளில் களவு பிடித்துச் சீவித்தார். ஓய்வெடுத்த பிறகு, காணாமல் போன ஆட்களையும் தேடித் தரச் சொல்லிச் சனம் வந்தது. மரியம்மா அப்படித்தான் வந்தாள்.

அவர் குனிந்து, நாடாவுக்கு இப்பால் கிடந்த சிவப்பைக் கார்ச் சாவியால் கிளறினார். மோந்து பார்த்தார். காலணியால் மேல்பனியை ஒதுக்கினார். அடியிலும் சிவப்பு. அதற்கும் அடியில் இன்னும் பழைய சிவப்பு. ஒவ்வொரு பனிக்கும் ஒவ்வொரு அடுக்கு.

"பிள்ளை மரியம்மா, அழாதை. உது இரத்தமில்லை."

"அந்தோனியாரே!" என்று அவள் வானத்தைப் பார்த்தாள்.

லெஸ்லி வானத்தைப் பார்க்கவில்லை. மூச்சகத்தின் பின்கதவைப் பார்த்தான். பிறகுதான், "நல்லது, நல்லது. அப்ப கெச்சப் ஏதும் கொட்டினதாக்கும் அண்ணை," என்றான்.

"இருக்கும்," என்றார் நீக்கிலாப்பிள்ளை. நிமிரும்போது ஒரு சின்ன வெள்ளித்தாள் அவருடைய உள்ளங்கைக்குள் போய்விட்டது. கள்ளரோடு பழகிய கை.

காரில் ஏறியதும் ரிஃப்னா கையை நீட்டினாள். "காட்டுங்க, என்ன சுட்டீங்க?"

ரிஃப்னா கார் ஓட்டப் பழக்குகிறவள். ஆள் தேடப் போகும்போதெல்லாம் அவரை ஏற்றிக்கொண்டு திரிகிறவளும் அவள்தான். காரின் கூரையில் மஞ்சள் பலகை, பக்கத்து ஆசனத்தின் காலடியில் இன்னொரு பிரேக். நீக்கிலாப்பிள்ளைக்குக் கார் ஓடத் தெரியாது. ஆனால் அந்தப் பிரேக்கில் அவருடைய கால் எப்போதும் இருக்கும். உலகத்தில் அவர் முழுதாய் நம்பியது அதை மட்டுந்தான்.

வெள்ளித்தாளை விரித்தார். மூச்சகத்தில் சும்மா கொடுக்கிற நிக்கொட்டின் சுவிங்கம் சுற்றி வரும் தாள். உள்ளே சுவிங்கம் இல்லை. மடித்த வெற்றிலைத் துண்டு, பாக்கு, ஒரு கீற்றுப் புகையிலை.

"வெத்திலைத் துப்பலா அது? பொலிஸ் அதை லாபுக்கு அனுப்பியிருக்கு அங்கிள். அடுத்தமுறை உங்கட மூக்கை அனுப்பச் சொல்லுவம்."

"சிரியாதை. ஒரு வாய் துப்பினதில்லை அது. பனிக்காலம் தொடங்கின நாளிலயிருந்து துப்பியிருக்கினம். அதுவும் எந்தக் கதவுக்குப் பின்னால எண்டு பாத்தியே?"

ரிஃப்னா பார்த்திருந்தாள். அவளுடைய வாப்பா ஸெய்னுலாப்தீனும் அந்தக் கதவுக்குள் வாராவாரம் போய் வருகிறவர்தான். அதனால்தானோ என்னவோ, பேச்சை மாற்றுவதுபோல் காரை எடுத்தாள்.

மரியம்மாவின் வீடு அடுக்குமாடியில் மேலே இருந்தது. சாளரத்துக்கு வெளியே நகரம் முழுவதும் சாம்பல் பூசிக் கிடந்தது. சாப்பாட்டு மேசையில் றொபேட்டின் கோப்பை கவிழ்த்து வைத்தபடி இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

"மனுசன் கடைசியா வீட்டில என்ன சாப்பிட்டவர்?" என்று கேட்டார் நீக்கிலாப்பிள்ளை.

மரியம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஆளைக் காணேல்லை எண்டு நிக்கிறன். நீங்கள் சமையலைக் கேக்கிறியள் அண்ணை."

"சொல்லு பிள்ளை."

"புட்டைப் பாலில ஊறவிட்டுக் குடிச்சார். கொஞ்ச நாளா அப்பிடித்தான். சம்பலைத் தொடுறேல்லை. கறியைத் தண்ணியில கழுவித் தின்னுறார். என்ர கை சமையல் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நானும் கோவத்தில கதைக்காமல் விட்டன்."

"கோயிலுக்கு வாறவரே?"

"பூசையை விடமாட்டார். ஆனா பாடற்குழுவை விட்டிட்டார். நத்தார்ப் பெருநாளுக்கும் பாடேல்லை." அவள் கொஞ்சம் யோசித்தாள். "இன்னொண்டு. நற்கருணை அப்பத்தை நாக்கிலதான் வாங்குற மனுசன். கையில வாங்குற ஆக்களைக் கண்டா வீட்டை வந்து பேசுவார். இப்ப தானே கையை நீட்டுறார். புதுசா மாறிட்டார் எண்டு நினைச்சன். வேற ஆரும் பொம்பிளை..."

"பொம்பிளை ஒண்டும் இல்லை," என்றார் நீக்கிலாப்பிள்ளை சட்டென்று. "உனக்கு உடம்பு எப்பிடி?"

மரியம்மா நெஞ்சில் கை வைத்தாள். "அந்தப் படமெடுக்கிற பஸ்தான் கண்டுபிடிச்சது. வலப்பக்கத்தில சின்னக் கட்டி. வாற மாசம் ஒப்பரேசன். நான் ஒருநாளும் சிகரெட் குடிச்சதில்லை. அவர் குடிச்ச சிகரெட்டுக்குப் பக்கத்தில இருந்தனான், அவ்வளவுதான். அந்தப் படத்தைக் கண்ட நாள் அவர் தலையில அடிச்சு அழுதார்." கவிழ்த்திருந்த கோப்பையைப் பார்த்தாள். "அவர் இல்லாமல் நான் கத்திக்குப் போகமாட்டன் அண்ணை. கூட்டிக்கொண்டு வாங்கோ."

லிப்டில் இறங்கும்போது ரிஃப்னா கேட்டாள், "சாப்பாடு, பாட்டு, பூசை. மூண்டுக்கும் என்ன தொடர்பு?"

"வாய்," என்றார் அவர்.

பிளாசாவுக்குத் திரும்பினார்கள். சாப்பாட்டுக் கடைக்குள், குளிர்பானப் பெட்டிக்குப் பின்னால் இருந்த மேசையில் பால் விடாத பிளேன் ரீயோடு குந்தினார்கள். அங்கேயிருந்து பார்த்தால் கடை முழுவதும் தெரியும். கடையில் நிற்கிறவர்களுக்கு இவர்களைத் தெரியாது. அப்படிப்பட்ட மேசைகளை நீக்கிலாப்பிள்ளை மோந்தே கண்டுபிடிப்பார்.

"எதுக்காகக் காத்திருக்கிறம்?"

"ஒரு ஆளுக்கு வாய் ஏலாது. ஆனா பசிக்கும்தானே. ஆரோ சாப்பாடு குடுக்கவேணும்."

"ரொறன்ரோ முழுக்க இருக்கிற கடையில அந்த ஆரோ இந்தக் கடைக்குத்தான் வருவாரா?"

"நான் நினைக்கிற ஆள் வேற கடைக்குப் போகமாட்டான். இஞ்ச அவனுக்குக் கடன் சொல்லலாம்."

ரீ ஆறும் முன்னே லெஸ்லி வந்தான். சிகரெட் வழக்குக் காசைப் பிரித்துக் கொடுக்கிற நிதிச்சபைக்காரர் நாளைக்கு மூச்சகத்தைப் பார்க்க வருகிறார்கள் என்றும், பிடித்துப்போனால் பக்கத்து ஊர்களான பிறம்ரனிலும் அஜக்ஸிலும் இதேபோல் திறக்கக் காசு தருவார்கள் என்றும், அந்த நாளில் பேச இருந்த றொபேட் அண்ணை இப்படிப் போய்விட்டாரே என்றும் கடைக்காரி வேரோனிக்காவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தான். பிறகு இடியப்பமும் பால்சொதியும் கேட்டான்.

வேரோனிக்கா வழக்கம்போல் சம்பல் டப்பாவையும் பைக்குள் போட்டாள். லெஸ்லி அதை வெளியே எடுத்து மேசையில் வைத்தான்.

"சம்பல் சும்மாதான் அண்ணை."

"தெரியும். வேண்டாம்."

அவன் போய்விட்டான். நீக்கிலாப்பிள்ளை எழுந்து சம்பல் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சும்மா தாற சம்பலைத் திருப்பிக் குடுக்கிற தமிழனை நீ கண்டிருக்கிறியே?"

"நேற்றும் உப்பிடித்தான் ஐயா," என்றாள் வேரோனிக்கா. "பச்சை மிளகாயைக் கடிச்சுக்கொண்டு ரோல்ஸ் தின்னுற மனுசன் அவர். எனக்கே பயமாப் போச்சு."

"அங்கிள்," என்றாள் ரிஃப்னா மெதுவாக. "காரில ஏறுங்க."

நாலுநூற்றியொன்று நெடுஞ்சாலையில் கிழக்கே போனார்கள். காற்று வீதியில் பனித்தூளை இழுத்துக்கொண்டு ஓடியது. லொறிகள் எறிந்த சேறு கண்ணாடியில் விழுந்தது. லெஸ்லியின் சாம்பல் நிறக் கார் முன்னால் தெரிவதும் மறைவதுமாக இருந்தது.

"கூரையில பலகையோட ஒருத்தனுக்குப் பின்னால போறம். இதைவிட மேளம் அடிச்சுக்கொண்டு போகலாம்," என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"பழகுற காரை ஆரும் பாக்க மாட்டாங்க அங்கிள். விலத்தித்தான் போவாங்க. எங்களைப்போல மறைஞ்சு போக ஆராலயும் ஏலாது. நீங்க பிரேக்கை மட்டும் மிதியாதீங்க, பின்னால லொறி."

அஜக்ஸில் புதிதாய்க் கட்டிய வீடுகள் ஒரே முகத்தோடு வரிசையாய் நின்றன. பல வீடுகளில் இன்னும் ஆள் இல்லை. கடைசி வீட்டின் முன் லெஸ்லி நிறுத்தி, பையோடு உள்ளே போய், வெறுங்கையோடு வந்தான். கார் திரும்பிப் போகும்வரை நீக்கிலாப்பிள்ளையின் கால் பிரேக்கில் இருந்து எடுபடவில்லை.

வீட்டுக்குத் திரைச்சீலை இல்லை. கீழ்த்தளச் சாளரத்தில் மட்டும் உள்ளேயிருந்து மட்டை அடித்திருந்தது. ரிஃப்னா காரின் பின்பெட்டியிலிருந்து சக்கரம் கழற்றும் இரும்பை எடுத்துக்கொண்டாள்.

"பூட்டை உடைக்கவா?"

நீக்கிலாப்பிள்ளை கைபிடியைத் திருகினார். கதவு திறந்தது. பூட்டே போட்டிருக்கவில்லை.

அந்தத் திறந்த கதவுதான் அவரைப் பயமுறுத்தியது. பூட்டி வைத்தவனை மீட்கலாம். பூட்டில்லாமல் இருக்கிறவனை என்ன செய்வது?

கீழ்த்தளத்தில் ஒரு கட்டில், ஒரு கதிரை. றொபேட் தாடையைச் சுற்றிச் சால்வை கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். இடியப்பத்தைச் சொதியில் கரைத்து, உறிஞ்சுகுழாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஆட்களைக் கண்டதும் எழுந்தார். ஓடவில்லை.

"ஆர் உன்னை இஞ்ச கொண்டுவந்தது?" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"நானாத்தான் கேட்டு வந்தனான் அண்ணை. லெஸ்லிக்குத் தெரிஞ்ச ஆக்கள் இன்னும் குடிவராத வீடு." பல் அசையாமல் சொல் மட்டும் நழுவி வந்தது. "மரியம்மாவுக்குச் சொல்லாதையுங்கோ."

"அவள் உன்ர இரத்தம் எண்டு துப்பலைப் பாத்து அழுதுகொண்டு நிண்டவள். வாயைத் திற."

றொபேட் தலையை ஆட்டினார்.

"திறவடா எண்டுறன்!"

திறந்தார். திறந்தது அவ்வளவுதான். ஒரு விரல் நுழையத்தான் இடம் இருந்தது. ரிஃப்னா போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். கன்னத்தின் உட்புறம் வெளிறிக் கயிறுபோல் இறுகியிருந்தது. ஓரத்தில் ஒரு புண், விளிம்பு தடித்து. ரிஃப்னா வெளிச்சத்தை அணைத்தாள்.

றொபேட் கட்டிலில் குந்தி, இடையிடையே தாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சிகரெட்டை விட ஏலாமல் தவித்த நாளில் லெஸ்லிதான் வெள்ளித்தாளில் சுற்றிய வெற்றிலையைக் கையில் வைத்தான். இதில் புகை இல்லை, சிகரெட் குடித்தாரா என்று மூச்சகத்தில் ஊதிப் பார்க்கிற மெசினுக்கு இது தெரியாது என்றான். மெசின் புகையைத்தான் பிடிக்கும். ஊதினால் சுத்தம் என்று காட்டியது. அவருக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். எல்லாரும் உள்ளே ஊதிவிட்டு, பின்கதவால் போய்த் துப்பினார்கள். எல்லாரும் வென்றார்கள். புண் வந்து லெஸ்லியிடம் காட்டியபோது, நிதிச்சபைக்காரர் வந்து போகட்டும், அதுவரைக்கும் பொறு என்றான். பொறுத்தார். பிறகு பேசவும் வாய் வரவில்லை. முந்தாநாள் பின்கதவால் லெஸ்லியின் காருக்குப் போனபோது கழுத்துத் துண்டு விழுந்ததும் அவருக்குத் தெரியவில்லை.

"இந்த வாயோட நான் நாளைக்கு அவையளுக்கு முன்னால நிண்டா எல்லாம் தெரிஞ்சிடும். மூச்சகத்தை மூடிடுவாங்கள். பஸ் நிண்டிடும். பஸ் நிண்டா மரியம்மான்ர ஒப்பரேசனும் நிண்டிடும் எண்டு லெஸ்லி சொன்னவன். என்ர புகையில வந்த கட்டி அண்ணை அது. அவளுக்கு முடியட்டும். பிறகு என்ர வாய் என்னவும் ஆகட்டும்."

"அங்கிள்," என்றாள் ரிஃப்னா றொபேட்டிடம். "ஒப்பரேசன் செய்யப்போறது ஆர்?"

"பெரிய ஆஸ்பத்திரி."

"அதுக்கு மரியம்மா அன்ரி என்ன காட்டினவ?"

"ஹெல்த் கார்ட்."

"பஸ் படம் எடுத்ததோட அதின்ர வேலை முடிஞ்சுது. நாளைக்கே பஸ்ஸை உடைச்சு இரும்புக்கு வித்தாலும் அன்ரிட ஒப்பரேசன் நிக்காது. உங்களுக்குப் பொய் சொல்லியிருக்கிறார்."

றொபேட் அவளையே பார்த்தார். சால்வையை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். வாய் திறக்க முடியாத மனிதன் அழுதால் எப்படி இருக்கும் என்று நீக்கிலாப்பிள்ளை அன்றைக்குத்தான் கண்டார். சத்தம் மூக்கால்தான் வந்தது.

ரிஃப்னா படிக்கட்டுக்குப் போய்ப் போனை எடுத்தாள். "வாப்பா? சாப்பிட்டீங்களா? சரி. கமெராவைப் போடுங்க. வாயைத் திறந்து காட்டுங்க. ஏன் எண்டு கேக்காதீங்க வாப்பா, திறங்க." போன் திரையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "இன்னும் பெருசா," என்றாள். பிறகும் ஒருமுறை, "இன்னும் பெருசா."

ஆஸ்பத்திரியில் றொபேட்டை உள்ளே எடுத்தார்கள். வாயைப் பார்த்த இளம் டொக்டர் உடனே போய் வேறு டொக்டரைக் கூட்டி வந்தார். சதை வெட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். நேரத்தோடு வந்தீர்களா பிந்தி வந்தீர்களா என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வார்களாம்.

ரிஃப்னா மரியம்மாவுக்குப் போன் அடித்துச் சொன்னாள். அவள் உடனே லெஸ்லிக்குச் சொல்லியிருக்கவேண்டும். மரியம்மாவை லெஸ்லியே தன் காரில் கொண்டுவந்து இறக்கினான். அவள் யாரையும் பாராமல் உள்ளே ஓடினாள். லெஸ்லி கார் நிறுத்துமிடத்தில் நீக்கிலாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றான்.

"அண்ணை, நான் கெட்டது நினைக்கேல்லை. புகை நிண்டதோ இல்லையோ? எத்தினை நுரையீரலைக் காப்பாத்தியிருக்கிறம். அவங்கள் கேட்டது புகையை மட்டுந்தான். வாயைப்பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை."

"கேக்காததைச் சொல்லேல்லை, என்ன?" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "சிகரெட் கொம்பனிக்காரனும் அப்பிடித்தான் இருந்தவன். தெரிஞ்சுகொண்டு சொல்லாமல் இருந்தவன். அதுக்குத்தானே அவனைக் கோட்டில ஏத்தி இந்தக் காசைப் புடுங்கினது. அந்தக் காசை வாங்கி நீயும் அதையே செய்திருக்கிறாய்."

லெஸ்லி கண்ணாடியைக் கழற்றினான். விம்மினான். "நிதிச்சபைக்குப் போன் அடிச்சுச் சொல்லிட்டன் அண்ணை. எல்லாத்தையும் சொல்லிட்டன். நாளைக்கு அவையளுக்கு முன்னாலயும் சொல்லுவன். இனிமேல் ஊதுறதோட வாயும் பாப்பம். பல் டொக்டரைக் கூப்பிடுவம். மாதாவாணை."

உள்ளேயிருந்து மரியம்மா கதவண்டை வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "சத்தியம் பண்ணுறான் அண்ணை. விடுங்கோ. பஸ் இல்லாட்டி எனக்குள்ள கட்டி இருக்கிறதே தெரியாமல் போயிருக்கும். அது நிக்கவேண்டாம்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் நீக்கிலாப்பிள்ளைக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் லெஸ்லியின் காரைச் சுற்றி நடந்தார். பின்பெட்டி சரியாய் மூடாமல், பனி அள்ளுகிற சவள் ஒன்றின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூடியை உயர்த்தினார். சவளின் தகட்டில் ஒட்டியிருந்த பனி உருகி, செங்கல் நிறமாய் விரிப்பில் வடிந்துகொண்டிருந்தது.

"பின்கதவடியைத் துப்புரவாக்கிப்போட்டுத்தான் வந்தியோ?"

"பிளாசாக்காரர் பேசினவங்கள் அண்ணை... நாளைக்கு ஆக்கள் வருகினம்..."

நீக்கிலாப்பிள்ளை மூடியை இறக்கினார்.

ரிஃப்னா ஓடி வந்து அவருடைய கையைப் பிடித்தாள். "அங்கிள், சவளை விடுங்க. ஆளைப் பாருங்க. உண்மையாத்தான் அழுறார்."

"முந்தாநாள் றொபேட்டைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்து, இண்டைக்கு மரியம்மாவுக்குப் பக்கத்தில நிண்டு அழுதவன். அதுவும் உண்மையாத்தான் அழுதவன்."

கையை விடுவித்துக்கொண்டார். பழகுகிற காரின் மஞ்சள் பலகையைத் தாண்டி, பஸ் தரிப்பு இருந்த பக்கம் நடந்தார். பின்னால் லெஸ்லியின் விம்மல் கேட்டது. ரிஃப்னா கூப்பிட்டதும் கேட்டது. நீக்கிலாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி போனார். புதுப்பனி கொட்டத் தொடங்கியிருந்தது. அதையும் அவர் நம்பவில்லை. நாலு அடிக்கு ஒருதரம் நின்று, காலணியால் மேலே ஒதுக்கி, அடியில் என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டே போனார்.